புகார்: கைக்குப் பொருந்தாமல் துளையிட்டு அனுப்பப்பட்ட பவுலிங் பந்து

அனுப்புநர்:
வாடிக்கையாளர், கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர், பவுலிங் பொருள் விற்பனைப் பிரிவு, சென்னை.

பொருள்: அளவுத்தாளைப் பின்பற்றாமல் துளையிடப்பட்ட 14 பவுண்டு பவுலிங் பந்தைச் சரிசெய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

"உங்கள் கைக்கேற்பத் துளையிட்டுத் தரப்படும்" என்று தங்கள் இணையதளத்தில் அளிக்கப்பட்டுள்ள உறுதியை நம்பி நான் வாங்கிய 14 பவுண்டு பவுலிங் பந்து (கட்டைவிரல், நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றைத் துளைகளில் நுழைத்துப் பிடித்து, தடத்தின் முனையில் நிற்கும் கட்டைகளை வீழ்த்த உருட்டிவிடும் பந்து), என் கைக்கேற்பத் துளையிடப்படவில்லை. இதைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தெரிவித்தபோது, பழகப் பழகக் கை சரியாகிவிடும் என்று ஒரு பதிலும், துளையிட்ட பந்தைத் திரும்பப் பெறுவதில்லை என்று மற்றொரு பதிலும் கிடைத்தன. இவ்விரண்டையும் நான் ஏற்கவில்லை.

எங்கள் பகுதியினர் பலரைப் போல நானும் வளைகுடா நாட்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். பவுலிங் விளையாட்டை அங்குதான் கற்றுக்கொண்டேன். அங்கே பந்துக்குத் துளையிடும் தொழிலில் தேர்ந்த ஒருவர் என் கையை அளந்து, ஒவ்வொரு விரலுக்குமான தூரத்தையும் துளையின் சாய்வையும் எழுதித் தந்த தாளை ஊர் திரும்பும்போது பத்திரமாகக் கொண்டுவந்தேன். இப்போது விடுமுறை நாட்களில் திருவனந்தபுரத்தில் உள்ள அரங்குக்குச் சென்று விளையாடுகிறேன். அரங்கின் பொதுப் பந்துகளில் என் கைக்கு ஒத்துவருவது அரிதாகவே கிடைப்பதால்தான் சொந்தமாக ஒரு பந்து வாங்க முடிவு செய்தேன். ஆர்டர் செய்தபோதே அளவுத்தாளின் படத்தையும் அனுப்பினேன். அது கிடைத்ததாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து பதிலும் வந்தது.

ஆயினும், பந்து அந்தத் தாளின்படி துளையிடப்படவில்லை என்பதும், இணையப் படிவத்தில் கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டங்களை மட்டுமே தங்கள் பணியாளர் பார்த்திருக்கிறார் என்பதும் பின்னர் தெரியவந்தன. கையுறை அளவு, கட்டைவிரலின் சுற்றளவு, கட்டைவிரலிலிருந்து மற்ற விரல்கள் வரையிலான தூரம் ஆகிய மூன்றை மட்டுமே அப்படிவம் கேட்கிறது. நடுவிரலும் மோதிர விரலும் ஒரே நீளமுடையவை அல்ல. ஆகவே ஸ்பான் எனப்படும் இந்தத் தூரத்தை இரண்டுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. ஒரே எண்ணை இரு துளைகளுக்கும் பயன்படுத்தியதால், என் பந்தில் நடுவிரலுக்கான தூரம் கால் அங்குலம் கூடிவிட்டது.

கால் அங்குலம் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். நான் கோரியிருந்தது விரலின் முதல் கணு வரை மட்டும் துளைக்குள் செல்லும் விரல்நுனிப் பிடி. கட்டைவிரலை முழுவதும் நுழைத்து, கையைத் தளர்வாகப் பந்தின் மேல் விரித்து வைத்தால் முதல் கணுவின் கோடு துளையின் விளிம்பை எட்ட வேண்டும். இந்தப் பந்தில் நடுவிரலின் கோடு விளிம்பைத் தொடாமல் பின்தங்கி நிற்கிறது. விரலை நீட்டித் துளையை எட்ட முயன்றால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோல் விறைத்து இழுபடுகிறது. உள்ளங்கையிலும் அந்த இறுக்கம் பரவுகிறது. பொருத்தமாகத் துளையிடப்பட்ட 14 பவுண்டு பந்தை நான் முன்பு மணிக்கணக்கில் எவ்விதச் சிரமமும் இன்றி வீசியிருக்கிறேன். அதே எடை இப்போது சில சுற்றுகளிலேயே மணிக்கட்டைத் தளர்த்திவிடுகிறது.

சாய்வு இதைவிடக் கவலைக்குரியது. துளை பந்தின் மையத்தை நோக்கி நேராக இறங்குகிறதா, உள்ளங்கைப் பக்கம் சாய்கிறதா, அல்லது அதற்கு எதிர்ப்புறம் சாய்கிறதா என்பதைப் பொறுத்தே கட்டைவிரல் எப்போது விடுபடும் என்பது அமைகிறது. தூரம் நீளமாக இருந்தால் கட்டைவிரல் துளையை உள்ளங்கைக்கு எதிர்ப்புறமாகச் சற்றுக் கூடுதலாகச் சாய்ப்பதே பொதுவான வழக்கம். இல்லையேல் விரல் சிக்கிக்கொள்ளும். என் தாளில் கால் அங்குல எதிர்ச்சாய்வு தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளது. தாங்களோ தூரத்தைக் கூட்டியதோடு, துளையை நேராகவும் இறக்கியிருக்கிறீர்கள். போதாக்குறைக்குத் துளை என் விரலைவிட அகலமாக இருப்பதால், பந்து நழுவாமலிருக்க ஒவ்வொரு வீச்சிலும் விரலை மடக்கி அழுத்த வேண்டியிருக்கிறது. துளையின் விளிம்பும் மழுக்கப்படவில்லை.

இந்த விளிம்பு குறித்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஆள்காட்டி விரலை நோக்கிய பக்கத்தில் கட்டைவிரலின் ஓரமாக ஒரு நரம்பு ஓடுகிறது. துளையின் விளிம்பு அதைத் தொடர்ந்து அழுத்தினால் குறுகுறுப்பும் மரத்துப்போதலும் உண்டாகும். நாளடைவில் நரம்பைச் சுற்றித் தழும்புத் திசுவும் தடித்துவிடும். மருத்துவர்கள் நன்கு அறிந்த பாதிப்பு இது. அத்தகைய குறுகுறுப்பு தொடங்கியதால்தான் நான் விளையாடுவதை நிறுத்திவிட்டுத் தங்களுக்குத் தெரிவித்தேன். அந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் பழகினால் சரியாகிவிடும் என்று கூறுவது பொறுப்பான பதில் அல்ல. தோல் காய்த்துப்போவதைப் பழக்கம் என்று கொள்ளவும் முடியாது. தைக்கக் கொடுத்த சட்டை இறுக்கமாக இருந்தால் தையற்காரர் தையலைப் பிரிப்பாரேயன்றி, உடம்பைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்ல மாட்டார்.

எங்கள் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறுவது. வெப்பமும் ஈரப்பதமும் கூடும்போது விரல் சற்றுப் பருக்கும். குளிரூட்டப்பட்ட அரங்கில் சுருங்கும். துளைக்குள் ஒட்டும் பட்டைகளைக் கூட்டியும் குறைத்தும் இந்த வேறுபாட்டைச் சமாளிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் தூரமும் சாய்வும் பிழையாக இருக்கும்போது பட்டைகளால் பயனில்லை. எனவே பட்டை ஒட்டிப் பாருங்கள் என்ற தங்கள் ஆலோசனை இங்கே பொருந்தாது. பக்கத்திலேயே இன்னொரு கட்டைவிரல் துளை இட்டுத் தருகிறோம் என்று தங்கள் பணியாளர் கூறியதும் தவறான வழிகாட்டுதலே. பிடிப்புக்குப் பயன்படாத துளை பந்தில் இருக்கக் கூடாது என்ற அமெரிக்காவில் இவ்விளையாட்டை நெறிப்படுத்தும் அமைப்பான ஐக்கிய அமெரிக்க பவுலிங் காங்கிரஸின் (USBC) விதி 2020 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய துளைகளை ரெசின் ஊற்றி அடைத்து, அது முழுவதும் இறுகிய பின் புதிதாகத் துளையிடுவதே முறை.

ஆகவே, தங்கள் செலவிலேயே பந்தை எடுத்துச் சென்று, மூன்று துளைகளையும் அடைத்து, இத்துடன் மீண்டும் இணைத்துள்ள அளவுத்தாளின்படி துளையிட்டு, விளிம்புகளை மழுக்கித் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில் பந்தின் விலையையும் துளையிடும் கட்டணத்தையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். துளையிட்ட பந்தைத் திரும்பப் பெறுவதில்லை என்ற நிபந்தனை, வாடிக்கையாளர் கொடுத்த அளவைப் பின்பற்றிய பந்துக்குப் பொருந்தலாம். துளையிடுவதற்கெனத் தனிக் கட்டணம் பெற்றுக்கொண்டு அளவைப் புறக்கணித்தது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடாகும்.

மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டியது தங்கள் கடமை. அதற்குள் தீர்வு கிடைக்காவிடில், நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அச்சட்டம் இடமளிப்பதால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

மேலும், தங்கள் படிவத்தில் இரு விரல்களுக்கும் தனித்தனித் தூரம், கட்டைவிரலின் வளையும் தன்மை, வேண்டிய பிடிப்பு முறை, முந்தைய அளவுத்தாள் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் சேர்க்கப்பட வேண்டும். நேரில் வந்து கையைக் காட்ட இயலாத தொலைவில் இருப்பவர்கள் அப்படிவத்தை மட்டுமே நம்பிப் பணம் செலுத்துகிறார்கள்.

பந்து அதன் பெட்டியிலேயே வைக்கப்பட்டுள்ளது. எடுத்துச் செல்ல ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கருங்கல்.