தொலைபேசியில் வந்த துணையும் வராத 'மார்பின்' வலிநிவாரணி மாத்திரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில் என் தாயார் திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனை இருப்பதோ சென்னையில். பேருந்து, ரயில் எதுவும் ஓடவில்லை; மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும். அந்நாட்களில் எங்களுக்கிருந்த ஒரே துணை, அங்குள்ள வலி நிவாரண ஆதரவு சிகிச்சைப் பிரிவின் செவிலியர் வாரம் இருமுறை செய்த தொலைபேசி அழைப்புதான்.

புற்றுநோய்ப் புண்ணின் வாடைக்குக் கூசி, அம்மா பேரப்பிள்ளைகளைக்கூடக் கிட்டே வரவிடவில்லை. உப்பிட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரால் புண்ணைக் கழுவுவது, கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவது, பழைய நூல் புடவையைக் கிழித்து வெந்நீரில் வேகவைத்து வெயிலில் உலர்த்திக் கட்டுவது என எல்லாவற்றையும் அந்தச் செவிலியர் போனிலேயே எனக்குக் கற்றுக்கொடுத்தார். சில நாட்களில் வாடை குறைந்து, பேத்தி கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். வலி எப்படி என்று கேட்டால் அம்மா எப்போதும் "பரவாயில்லை" என்பார். "அவர்கள் சொல்வதை விடுங்கள், புரட்டிப் படுக்கவைக்கும்போது புருவம் சுருங்குகிறதா என்று பாருங்கள்" என்று செவிலியர் சொன்ன பிறகுதான் அம்மா எவ்வளவு வலியை மறைத்தார் என்பது எனக்குப் புரிந்தது.

ஆனால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்துவந்த 'மார்பின்' (morphine) என்னும் அபினி வகை வலிநிவாரணி மாத்திரை தீர்ந்தபோது, அந்தத் தொலைபேசியால் எங்களுக்கு உதவ முடியவில்லை. ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைபேசியிலோ காணொளியிலோ பரிந்துரைக்கத் தடை விதித்திருந்தன. அண்ணன் இ-பாஸ் பெற்று, வாடகைக் கார் வைத்துச் சென்னை போய் மாத்திரை வாங்கி வர மூன்று நாட்களாயின. அந்த மூன்று இரவும் செவிலியர் தம் சொந்த எண்ணிலிருந்து அழைத்தார். பேச்சைத் தவிர வேறெதுவும் அவரால் தர முடியவில்லை.

மார்பின் தவறான கைகளுக்குப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் என் தாயாரைச் சென்னை மருத்துவர்கள் பலமுறை நேரில் பரிசோதித்து, அளவையும் முடிவுசெய்திருந்தார்கள். வலியால் துடிப்பவர்களுக்கு இம்மருந்து எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. எனவே, நேரில் பார்த்துப் பதிவுசெய்யப்பட்ட நோயாளிக்கு மட்டுமேனும், தொலைபேசியில் நிலையைக் கேட்டறிந்து மருத்துவர் மீண்டும் எழுதி அனுப்பும் மருந்துச் சீட்டின் பேரில், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மார்பின் வழங்க மத்திய, மாநில அரசுகள் வழிசெய்ய வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வருவது பெரும் ஆறுதல். அப்பணியாளர்கள் வந்துபோகும் நாட்களுக்கு இடையே, நள்ளிரவிலும் அழைத்துக் கேட்க மாவட்டத்துக்கு ஒரு தொலைபேசி எண்ணும், அதை எடுக்க இதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும் வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.