பச்சைப் பட்டையை நம்பி வாக்குக் கொடுத்தவன்

அன்புள்ள மீசைக்கு,

ஏழு மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு, வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. வேலை அதிகம் என்று எழுதினால் நீ சிரிப்பாய்; உடம்பு சரியில்லை என்று எழுதினால் நம்பிவிடுவாய், அது இன்னும் மோசம். வீட்டில் அனைவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, குட்டையன் ஒருவழியாக வீடு மாறினானா என்பதையெல்லாம் பதிலில் எழுது. நான் இப்போது எழுத உட்கார்ந்ததே ஒரு வம்பில் மாட்டிக்கொண்டதால்தான். இதில் உனக்கும் பழைய பங்கு ஒன்று உண்டு என்பதால், உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மகனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த அன்று மாலை, இருவரும் சேர்ந்து ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் டிரெய்லரைப் பார்த்தோம். படத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் முதல் காட்சியே பார்த்துவிட்டு முடிவைச் சொல்லிவிடுவாய், உன்னிடம் நான் ஏற்கெனவே மூன்று முறை பட்டிருக்கிறேன். டிரெய்லருக்கு முன்னால் பச்சைத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. பச்சை என்றால் போகலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு பொருள் தெரியாது. முடிந்ததும் அவன் என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தைப் பார்த்ததும் யோசிக்கத் தோன்றவில்லை, படம் வந்த முதல் வாரமே அழைத்துப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நான்கு மாதங்கள் கழித்து, வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழோடு படம் வந்து நிற்கிறது.

அவன் அழுதிருந்தால் ஏதாவது வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன். அழவில்லை. "அப்பா, படம் எனக்கு இல்லை என்றால் டிரெய்லரை எதற்கு எனக்குக் காட்டினார்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டான். காட்டியது அவர்கள் மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்து காட்டியவன் நான் என்பதை அவன் சொல்லவில்லை. ஒரு மாதமாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்ததையெல்லாம் இப்போது உன் தலையில் கட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில், டிரெய்லருக்கு முன்னால் வந்த அந்தப் பச்சைத் திரையின், அதாவது பச்சைப் பட்டையின் கதை. அமெரிக்கத் திரைப்படச் சங்கம் படத்துக்கு வயதுச் சான்றிதழ் தருவதோடு நிற்பதில்லை. விளம்பரத்தையும் தனியாகப் பார்த்து ஒப்புதல் தருகிறது. ஆக, பச்சைப் பட்டை என்பது அந்த இரண்டரை நிமிடத் துண்டுக்குக் கிடைத்த ஒப்புதலே தவிர, அது விளம்பரப்படுத்தும் படத்தைப் பற்றிய வாக்குறுதி அல்ல. 2009 வரை அதில் "எல்லாப் பார்வையாளர்களுக்கும்" ஒப்புதல் பெற்றது என்ற பொருளில் வாசகம் இருந்தது. அந்த ஆண்டில் அதை "பொருத்தமான பார்வையாளர்களுக்கு" என்று மாற்றினார்கள். யார் பொருத்தமானவர் என்பதை நம் ஊகத்துக்கு விட்டுவிட்டார்கள். இதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. படம் முழுதாக முடிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே டிரெய்லர் வந்துவிடுகிறது. அதன் கடைசியில், இப்படத்துக்கு இன்னும் சான்றிதழ் வழங்கப்படவில்லை என்று பொடி எழுத்தில் ஒரு வரி வருகிறது. அதைப் படிக்க யாருக்குக் கண் இருக்கிறது? பத்திரத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் கதைதான் என் கதை.

வாக்குக் கொடுத்த டிரெய்லரை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் நாயகன் கத்தியை ஓங்குகிறான். எதிராளியின் கண்கள் விரிகின்றன. கத்தி இறங்கும் கணத்தில் திரை முழுதும் கறுப்பாகிறது. சதக் என்ற ஒலி மட்டும் கேட்கிறது. அடுத்த நொடியில் நாயகன் ஒரு வேடிக்கை வசனம் பேசுகிறான், எங்கள் வீட்டில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். குத்து இருக்கிறது, சாவு இருக்கிறது, அதைப் பார்த்துச் சிரிக்கவும் வழி செய்திருக்கிறது. இல்லாதது சிவப்பு நிறம் ஒன்றுதான். இதையெல்லாம் நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டு மகனிடம் சொன்னபோது, அவன் அலுப்போடு, "சிவப்புப் பட்டை டிரெய்லரில் அந்தக் கறுப்பு வராது, அப்பா" என்றான்.

சிவப்புப் பட்டையோடு வரும் டிரெய்லரைத் திரையரங்கில் பெரியவர்களுக்கான படங்களுக்கு முன்னால் மட்டுமே போட முடியும். இணையத்தில் வயதைக் கேட்டுவிட்டுத்தான் காட்ட வேண்டும். நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன். பிறந்த தேதியைக் கேட்டது, உங்களுடையதைப் போட்டேன் என்றான். என் பிறந்தநாளை வருடம் தவறாமல் மறந்துபோகும் பிள்ளைக்கு, தேதி, மாதம், ஆண்டு மூன்றும் மனப்பாடம். அந்த நாளில் நீயும் நானும் இதே பூட்டைத் திறக்க, மீசை வரைந்தே எவ்வளவு மையைச் செலவழித்தோம் என்று நினைத்துப் பார். இவனுக்கு எட்டு எண்கள் போதுமாக இருக்கின்றன.

அதன் பிறகு என்னை உட்கார வைத்து, இரண்டு டிரெய்லர்களையும் இரண்டு செல்போன்களில் பக்கம் பக்கமாக ஓடவிட்டுப் பாடம் நடத்தினான். ஒன்றில் வசைச்சொல் வரும் இடத்தில் மற்றதில் வெடிச்சத்தம். ஒன்றில் சுவரில் தெறிக்கும் இரத்தம், மற்றதில் வெறும் சுவர். இரண்டிலும் ஆட்கள் அதே எண்ணிக்கையில்தான் விழுகிறார்கள், எண்ணிப் பார்த்தோம்.

இந்தக் கணக்கு நேற்று வந்ததல்ல. 1968-இல் அமெரிக்காவில் இப்போதைய சான்றிதழ் முறை தொடங்கியபோது, சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் நடுவில் இருக்கும் வயதுக்கென்று தனிப் படி கிடையாது. 1984-இல், மார்பைக் கையால் பிளந்து இதயத்தை வெளியே எடுக்கும் காட்சியுள்ள இண்டியானா ஜோன்ஸ் படத்தைக் குழந்தைகளோடு போய்ப் பார்த்துவிட்டுப் பெற்றோர் கொதித்தார்கள். படத்தை எடுத்த ஸ்பீல்பெர்க்கே நடுவில் ஒரு படி வேண்டும் என்று யோசனை சொல்ல, அந்த ஆண்டே பிஜி-13 வந்தது. சூப்பர்ஹீரோப் படங்கள் பெரும்பாலும் அந்தப் படியில்தான் குடியிருந்தன. அங்கே கெட்ட வார்த்தைகளில் மிகக் கெட்டதை ஒரு முறை, திட்டுவதற்கு மட்டும், சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பொதுவாக 'ஆர்', அதாவது பெரியவர்களுக்கான அடுத்த படி. அடிக்கலாம், கொல்லலாம், நகரத்தையே இடிக்கலாம், இரத்தம் மட்டும் அளவோடு இருக்க வேண்டும். 2000-இல் வந்த முதல் எக்ஸ்-மென் படத்திலிருந்து வுல்வரின் என்ற நாயகன் கையில் ஆறு உலோக நகங்களோடு திரிகிறார். அந்த நகம் இறங்கினால் உண்மையில் என்ன ஆகும் என்பதைத் தயங்காமல் காட்டிய படம் 2017-இல் வுல்வரினின் இன்னொரு பெயரான 'லோகன்' என்ற தலைப்பில் 'ஆர்' சான்றிதழோடு வந்தது. இடையில் பதினேழு ஆண்டுகள். எது குழந்தைக்குக் கெடுதல்? குத்தினால் இரத்தம் வரும் என்று காட்டுவதா, வராது என்று காட்டுவதா? எனக்கு இரண்டாவதுதான் பெரிய பொய்யாகப் படுகிறது. இதை மகன் காதில் விழும்படி சொல்லிவிடாதே, பிடித்துக்கொள்வான்.

வேலியும் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இல்லை. 2016-இல் வந்த 'டெட்பூல்' என்ற சூப்பர்ஹீரோ படத்தை எடுத்துக்கொள். அமெரிக்காவில் 'ஆர்': பதினேழு வயது ஆகாதவன் பெற்றோரோடு போகலாம். பிரிட்டனில் 15: பதினைந்து ஆனவன் தனியாகவே போகலாம், ஆகாதவனை அப்பா அம்மா இருவரும் கையைப் பிடித்து அழைத்து வந்தாலும் விட மாட்டார்கள். இந்தியாவில் 'ஏ': பதினெட்டு ஆகும்வரை யாரோடும் போக முடியாது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் விமானத்தில் மூன்று நாடுகளைச் சுற்றினால், ஓரிடத்தில் பெரியவன், ஓரிடத்தில் அரைப் பெரியவன், ஓரிடத்தில் குழந்தை. டிரெய்லருக்கோ கடவுச்சீட்டே வேண்டாம். பிரிட்டனில் 2002-இல் நடந்தது இன்னும் வேடிக்கை: 'ஸ்பைடர்-மேன்' படத்துக்குப் பன்னிரண்டு வயதுச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள், சின்னப் பிள்ளைகள் உள்ளே போக முடியவில்லை. உள்ளாட்சி மன்றங்களுக்கு அங்கே சான்றிதழை மாற்றும் அதிகாரம் உண்டு என்பதால், சில மன்றங்கள் தாங்களாகவே வேலியைத் தாழ்த்தின. அந்த ஆகஸ்ட் மாதமே, பெரியவர் துணையோடு சிறுவர்கள் போகலாம் என்று நாடு முழுவதற்கும் புதிய பிரிவைக் கொண்டுவந்தார்கள். பொம்மைக் கடைக்காரர்களுக்கு அன்று நிம்மதியாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் வருவது வேலியின் மேல் அல்ல, அழைப்பிதழின் மேல். 2000 செப்டம்பரில் அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வன்முறைக்காக 'ஆர்' பெற்ற 44 படங்களை எடுத்து ஆராய்ந்ததில், 35 படங்களின் விளம்பரம் பதினேழு வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் குறிவைத்திருந்தது தெரியவந்தது. வாசலில் காவலுக்கு ஆள் போட்டவர்களே, வராதே என்று சொன்ன பிள்ளையின் கையில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறார்கள். அதற்குப் பின் விதிகள் இறுகியிருக்கலாம். ஆனால் 'டெட்பூல்' வந்தபோது வைத்த விளம்பரப் பலகை ஒன்றில் இருந்தவை ஒரு மண்டை ஓடு, சிரிக்கும் மலக்குவியல் ஒன்று, 'எல்' என்ற எழுத்து, அவ்வளவுதான். மண்டை ஓடு 'டெட்', மலம் 'பூ', கூடவே 'எல்' என்று ஆங்கிலத்தில் படத்தின் பெயரைப் பொம்மைப் புதிராக எழுதியிருந்தார்கள். அதை முதலில் கண்டுபிடித்துக் கத்தப்போவது நாற்பது வயதுக்காரனா, பத்து வயதுப் பிள்ளையா?

அந்தப் படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 5.8 கோடி டாலர். உலகம் முழுதும் வசூலித்தது 78 கோடிக்கு மேல். அதுவரை 'ஆர்' என்றால் பாதிக் கூட்டம் போய்விடும் என்று பயந்தவர்கள், அன்றிலிருந்து அதைப் பதக்கம் போல் குத்திக்கொள்ளத் தொடங்கினார்கள். 2019-இல் 'ஜோக்கர்' அந்தச் சான்றிதழோடு நூறு கோடி டாலரைத் தாண்டிய முதல் படமானது. இடையில் 2018-இல் 'டெட்பூல் 2' படத்திலிருந்து இரத்தத்தையும் வசையையும் கழித்து, தூங்கப்போகும் நேரத்தில் சொல்லும் கதைபோல ஜோடித்து, பிஜி-13 சான்றிதழோடு மறுபடி வெளியிட்டார்கள். ஒரே பண்டம், இரண்டு உறை. இப்போது என் மகனும் அவன் கூட்டாளிகளும் பேசுவதைக் கேள்: "பிஜி-13 என்றால் சின்னப் பசங்க படம்." எச்சரிக்கைப் பலகையைத் தர முத்திரையாகப் படிக்கிறது இந்தத் தலைமுறை. நாமும் அப்படித்தான் படித்தோம் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காமல் படி. இந்த ஆராய்ச்சியின் நடுவில், ஒரு நாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு 'லோகன்' படத்தை மறுபடி தனியாகப் பார்த்தேன். சான்றிதழில் கொடூரமான வன்முறை, வசைமொழி, சிறிது நேர நிர்வாணம் என்று காரணங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். வெட்டும் குத்தும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு காலத்தில் உலகத்திலேயே வலிமை மிக்க மூளைக்குச் சொந்தக்காரராக இருந்த சார்லஸ், அந்த மூளை கெட்டு, நேரத்துக்கு மாத்திரை வேண்டி, செய்தது மறந்து கிடக்கிறார். லோகன் அவரைக் கைகளில் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் கிடத்துகிறான். அங்கே நிறுத்திவிட்டேன். உன் அப்பாவின் கடைசி வருடம் நினைவுக்கு வந்தது. அவரைத் தூக்கும்போது எடையே இல்லை என்று நீ ஒருமுறை சொன்னாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதற்கு எந்தச் சான்றிதழிலும் எச்சரிக்கை கிடையாது. அன்று பேச்சை மாற்றியதற்கு இன்றுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; இப்போது கேட்கிறேன்.

அதே படத்தில் கதையைத் தாங்கி நிற்பவள் ஒரு பதினோரு வயதுச் சிறுமி. என் மகனைவிட ஒரு வயது இளையவள். நடிக்கலாம், பார்க்கத்தான் கூடாது. இதற்கும் அவன் என்னிடம் பதில் கேட்டான். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். வாக்குக் கொடுத்த அந்தப் படத்துக்கு இப்போது அழைத்துப் போக மாட்டேன் என்பதில் நான் அசையவில்லை. இரத்தத்துக்காக அல்ல, அந்தச் சதக் ஒலிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தோமே, அதற்காக. இன்னும் ஆறு ஆண்டுகள் கழித்து, அவனுக்குப் பதினெட்டு நிறையும் நாளில் இருவரும் சேர்ந்து பார்ப்பது, அதுவரை நானும் பார்க்காமல் இருப்பது, சிவப்புப் பட்டைக்கு இனி என் பிறந்த தேதியைப் பயன்படுத்தாமல் இருப்பது என்று மூன்று வரிகளை அவனே எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். இந்த முறை பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு உன்னைத்தான் சொல்லியிருக்கிறான். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். போட்டுத் திருப்பி அனுப்பு. சாட்சி எப்படிப்பட்டவர் என்று விசாரித்தான், மிகவும் ஒழுக்கமானவர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மை மீசைச் சமாசாரம் வெளியே வரக் கூடாது.

உன்,
சோடாபுட்டி