நாசில் வாங்குவதற்கு முன்

போடி,
புதன் இரவு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தோட்டத்தில் காய் எடுப்பு நடக்கிறது. ஆள் கிடைத்த நாளில் மழை, மழை விட்ட நாளில் ஆள் இல்லை. இன்றைக்குத்தான் உட்கார நேரம் வாய்த்தது. பேத்திக்குக் காது குத்தியதாக எழுதியிருந்தாய். அழைக்காததற்குத் தனியாகச் சண்டை இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்வோம்.

உன் மாமனாரின் ஜீப்புக்கு வருகிறேன். மூன்று வருஷம் கொட்டகையில் கிடந்த வண்டி, காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது, கரும்புகை தள்ளுகிறது, மெக்கானிக் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு நாசிலையும் மாற்றச் சொல்கிறார், இரண்டு கடையில் இரண்டு விலை, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே. முதலில் பானெட்டைத் திறந்து, உள்ளே இருப்பது எந்த எஞ்சின் என்று பார்.

சிரிக்காதே. நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். என் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் மகிந்திரா எம்.எம். 540 என்று இருக்கிறது. கடையில் போய் '540 ஜீப்புக்கு நாசில்' என்று கேட்டேன், கொடுத்தார்கள். தேனியில் டீசல் பம்ப், நாசில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனால், அட்டைப் பெட்டியை ஒருமுறை, என் வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது பெஜோ எஞ்சினுக்கு உள்ளது. உங்கள் வண்டியில் இருப்பது டி.ஐ." என்றார். எனக்கு முன் வைத்திருந்தவர் எப்போதோ எஞ்சினையே மாற்றியிருக்கிறார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அந்த நான்கும் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

540-இல் முதலில் வந்தது பிரெஞ்சுக் கம்பெனி பெஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90. பெயரிலேயே விவரம் இருக்கிறது: 4 சிலிண்டர், 90 மி.மீ. விட்டம். மொத்தம் 2112 சி.சி. அதில் டீசல் நேராக பிஸ்டன்மேல் விழாது. ஹெட்டில் உள்ள சிறிய அறைக்குள் பீய்ச்சப்பட்டு, அங்கே பற்றிக்கொண்டு வெளியே வரும். காற்று அந்த அறையிலேயே சுழன்று கலந்துவிடுவதால் நாசிலுக்கு ஒரே துளை போதும், நடுவில் ஊசிமுனை நீட்டிக்கொண்டிருக்கும். மகிந்திராவின் 2523 சி.சி. டி.ஐ., அதாவது டைரக்ட் இஞ்செக்‌ஷன், எஞ்சின் வேறு சாதி. டீசல் நேராக பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள் போகும். அதனால் பல நுண்துளைகள், அதிக அழுத்தம். பெஜோ வகை நாசில் 120, 130 'பார்' அழுத்தத்தில் திறக்கும் என்றால் டி.ஐ. வகை பெரும்பாலும் 200-ஐ ஒட்டியோ அதற்கு மேலோதான் திறக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஒருநாளும் வேலை செய்யாது.

உன் வண்டியில் நாசிலைத் தாங்கும் ஒவ்வொரு இஞ்செக்டருக்குப் பக்கத்திலும், கிளப்பும்போது அறையைச் சூடாக்கும் ஒரு ஹீட்டர் பிளக் இருந்தால் பெஜோ வகை என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமிருந்தால் பழைய நாசிலைக் கழற்றி, உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடியில் படி. டி.என். என்று தொடங்கினால் ஊசிமுனை வகை. டி.எல்.எல்.ஏ. என்று தொடங்கினால் துளை வகை. அடுத்து வரும் 150 போன்ற எண் பீய்ச்சும் கோணம். கடையில் வண்டியின் பெயரைச் சொல்லாதே, இந்த எண்ணைச் சொல். நம் காலத்தில் 'மைக்கோ' என்று கேட்டு வாங்குவோமே, அந்தப் பெங்களூர்க் கம்பெனியின் பெயர் 2008-இலேயே பாஷ் என்று மாறிவிட்டது. இன்னும் மைக்கோ பெட்டியில் 'புதுச் சரக்கு' என்று யாராவது நீட்டினால் பெட்டியைவிட நீட்டுகிறவரை நன்றாகப் பார்.

வாங்குவதற்கும் முன்னால் ஒரு வேலை. எஞ்சின் ஓடும்போது, இஞ்செக்டர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் துணி சுற்றித் தளர்த்தச் சொல். தளர்த்தியதும் சத்தம் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. மாறாமல் அப்படியே ஓடினால் குற்றவாளி அதுதான். பிறகு நான்கையும் கழற்றி பம்ப் கடை மேசையில் வைத்து அடித்துப் பார்க்க வேண்டும். நல்ல நாசில் கைப்பிடியை அழுத்தும்போது கிறீச்சென்று விட்டுவிட்டுக் கத்தும், பனிபோலப் பீய்ச்சும், நிறுத்தியதும் நுனி காய்ந்திருக்கும். கெட்டது மூக்கொழுகும் பிள்ளைபோலச் சொட்டும். நான் ஆர்வத்தில் விரலைக் கிட்டே கொண்டுபோனேன், பெரியவர் என் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம். ஒருவருக்கு விரலையே எடுக்க வேண்டியதாயிற்று என்றார்.

உன் வண்டி நின்றுபோன வண்டி. டேங்கில் தண்ணீர் இறங்கி நாசிலுக்குள் இருக்கும் ஊசி துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஊசியை உடம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, சாய்த்துப் பிடித்து விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இறங்கினால் அதைச் சுத்தம் செய்து, உள்ளே ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்து அழுத்தத்தைச் சரிசெய்தாலே ஓடும். ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றின் உடம்பில் மட்டும் போட விடாதே. அவை ஜோடியாகவே இழைக்கப்பட்டவை. பழுது என்று தெரிந்தால் நான்கையும் சேர்த்தே மாற்று, இதில் மெக்கானிக் சொல்வது சரி. அடியில் போகும் செம்பு வாஷர்களும் புதிதாக இருக்கட்டும். பத்து, இருபது ரூபாய்க்குப் பார்த்துப் பழையதையே போட்டு ஹெட்டில் புகை கசிய விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கரும்புகை என்றாலே நாசில்தான் என்றும் இல்லை. புது நாசில் போட்ட மறுவாரம் சூரியநெல்லி வழியாகக் கொழுக்குமலைக்கு ஏறினேன். அங்கே 7,000 அடிக்கு மேல். பாதி ஏற்றத்திலிருந்தே பின்னால் கரும்புகை, எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் போடிக்கு இறங்கினால் புகையைக் காணோம்! அந்த உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்துவிடுகிறது. பம்ப் என்னவோ சமவெளிக் கணக்கிலேயே டீசலை ஊற்றுகிறது. டர்போ இல்லாத பழைய எஞ்சின் வேறு என்ன செய்யும்? உன் ஏற்காடு 5,000 அடியை ஒட்டி இருக்கிறது. ஆகவே முதலில் ஏர் பில்டரைப் பார், பிறகு சேலத்துக்கு இறக்கி ஓட்டிப் பார், அங்கேயும் புகைந்தால் நாசிலைக் குற்றம் சொல். இழுவை போதவில்லை என்று பம்ப்பின் திருகைத் திருகிவிட எவன் வந்தாலும் அனுமதிக்காதே.

எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. சின்னவன் கோயம்புத்தூரில் வீடு பார்த்துவிட்டான், எங்களையும் வரச் சொல்கிறான். தோட்டத்தை யாரிடம் விட்டுப் போவது? தங்கச்சி இன்னும் சர்க்கரைக்கு மாத்திரைதானா, ஊசிக்கு மாறிவிட்டதா என்று எழுதவில்லையே.

நாசிலைக் கழற்றியதும் அதில் உள்ள எண்ணை அப்படியே எழுதி அனுப்பு. டி.என். என்று தொடங்கினால் நீ பணம் கொடுக்க வேண்டாம், என் இழுப்பறையில் நான்கு இருக்கின்றன. எண் ஒத்துப்போனால் பெரியவரிடம் அடித்துப் பார்த்துவிட்டு அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்