இரு கடலுக்கு நடுவே எங்களை நடத்திக் கூட்டிப்போனவர்களுக்கு நன்றி

அரியமான் கடற்கரையில் கிளம்பி, உச்சிப்புளி வழியாகப் புதுமடம் வரை நாங்கள் போன பங்குனி மாத நடை நல்லபடியாக முடிந்தது. பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாக வீடு சேர்ந்தோம். துணைநின்றவர்களிடம் அன்றே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டோம். இருந்தாலும் ஊரறிய ஒருமுறை சொல்லியாக வேண்டும்.

ராமேஸ்வரம் போகிறவர்கள் உச்சிப்புளியை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். எல்லோர் மனதிலும் பாம்பன் பாலம். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் உச்சிப்புளிக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. விடியலில் கிளம்பினால் மதியத்துக்குள் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம். அலையடங்கிய வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும், இரையும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் எங்கள் பக்கம் சொல்வோம். இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிட வேண்டும் என்பது எங்களுக்கு நெடுநாள் ஆசை.

ஆசைப்பட்டால் மட்டும் போதாது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. 2009-இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்களும் ஆளில்லா விமானங்களும் பறக்கின்றன. அந்தப் பக்கத்து வெட்டவெளியில் கூட்டமாக ஆட்கள் நடந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் ஊர் ஐயாதான் இந்தப் பொறுப்பை ஏற்றார். காவல் நிலையத்தில் முன்கூட்டியே தகவல் கொடுத்தது, தளத்தின் சுற்றுச்சுவரை விட்டு விலகிப் பாதை வகுத்தது எல்லாம் அவர்தான். டிரோன் கூடாது, பட்டம் கூடாது, சுவர்ப் பக்கம் செல்போனைத் தூக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதைவிட எங்களுக்குப் புதிதாக இருந்தது அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னது. மிச்சத்தை வெளியில் வீசினால் காக்கையும் பருந்தும் கூடும். தாழப் பறக்கிற விமானத்தில் ஒரு பறவை மோதினால் கூட உள்ளே இருப்பவர் உயிருக்கு ஆபத்து. அதனால் இட்லித் துணுக்கு கூடக் கீழே விழக்கூடாது என்றார். பிள்ளைகள் அதை எங்களைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஹெலிகாப்டர் கடல் பக்கம் போவதும் திரும்புவதுமாகப் பழகிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி தன் வாழைப்பழத் தோலைப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்து மூடினாள். ஐயா, நீங்கள் அதட்டாமல் காரணத்தைச் சொன்னீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அப்புறம் ஆடு மேய்க்கும் எங்கள் கீதாரி அண்ணன். அவர் இல்லாமல் இந்த நடையே இல்லை. வெயிலில் காய்ந்து வெள்ளை பூத்த உவர்த்தரை பார்க்கக் கெட்டியாகத்தான் தெரியும். காலை வைத்தால் கணுக்கால் வரை உள்ளே இறங்கும். அண்ணன் கம்பால் குத்திப் பார்த்து, “இது போவும், அது போவாது” என்று முன்னால் போய்க்கொண்டே இருந்தார். அவர் ஆடுகள் போட்ட ஒற்றையடித் தடம்தான் சீமைக்கருவேலக் காட்டுக்குள் எங்களுக்கும் பாதை. ஓர் அக்காவுக்கு ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறிவிட்டது. அண்ணன் இடுப்பில் தொங்கிய முள்வாங்கியை எடுத்தார், அக்காவின் காலைத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார், முனை ஒடியாமல் முள்ளை உருவி எடுத்துக் காட்டினார். “முழுசா வந்துருச்சு தாயி, நடங்க” என்றார். அன்று ஒரு நாள் மேய்ச்சலை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர், கூலி என்று நீட்டியதை வாங்கவே இல்லை.

பனங்காட்டில் பதநீர் கொடுத்த குடும்பத்துக்கும் நன்றி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால்தான் பதநீர் புளித்துக் கள்ளாகாது என்று பிள்ளைகளுக்குக் கலயத்தையே கவிழ்த்துக் காட்டினார் அந்த வீட்டு அம்மா. காய்ச்சினால் கருப்பட்டியாகி காசாகும் பதநீரை எங்களுக்குப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

புதுமடத்தை நெருங்கியபோது குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. மணலில் தோண்டிய ஊற்றருகே இருந்த பெண்கள் தங்கள் குடத்தை அப்படியே எங்களிடம் தந்தார்கள். கடல் அவ்வளவு பக்கத்தில், தண்ணீரோ துளி உப்பு இல்லை. மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்குமாம். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பதால் சிரட்டையால் மெல்ல மெல்ல மொள்கிறார்கள். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று பார்த்த பிறகு, அந்தத் தண்ணீரை வாங்கக் கை கூசியது. “குடிங்க, ஊறும்” என்றார்கள்.

திரும்பும் வழிக்கு வேன் தந்தவருக்கும், மதியச் சாப்பாடு போட்ட பாய் வீட்டாருக்கும் எங்கள் அன்பு.

நிலத்தைக் காவல் காப்பவர்களும் அதில் பிழைப்பவர்களும் மனமுவந்து விட்டால்தான் எங்களைப் போன்றவர்கள் அங்கே கால் வைக்க முடியும். எடுத்த படங்களை அச்சுப்போட்டு ஒவ்வொரு வீட்டிலும் கொண்டுவந்து தருகிறோம். மழைக்காலம் முடிந்ததும், தை மாதத்தில் இன்னொரு நடை போகலாம் என்று பேச்சு இருக்கிறது. கீதாரி அண்ணனுக்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டுவிட்டுத்தான் தேதி குறிப்போம்.