டிக்கியை வெட்டும் வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகச் சந்தைக்கான சிறிய கார்களைத் தமிழ்நாட்டிலேயே வடிவமைக்க வேண்டும் என்ற கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல ஆசைதான். ஆனால் காரின் நீளத்தை இங்கே முடிவு செய்வது இன்ஜினியரா, வரியா என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய காருக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும். அப்புறம் நடந்தது ஊரறிந்தது. 4160 மி.மீ. இருந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012இல் 3995 ஆனது. முன்னால் இன்ஜின், நடுவில் ஆட்கள். கை வைக்க மிச்சம் இருப்பது டிக்கிதான். எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்குப் போகும்போது சீர்த்தட்டுகள் பெண்களின் மடியில் பயணம் செய்வதற்கு இந்த வரியும் ஒரு காரணம்!

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். குறைத்தது சந்தோஷம். ஆனால் 4 மீட்டரைத் தாண்டிய பெட்ரோல், டீசல் காருக்கு 40. சில மில்லிமீட்டருக்காக 22 சதவீதமா? மின்சாரக் காருக்கு நீளமே பார்க்காமல் 5 சதவீதம் போடுகிறார்கள். பன்னுக்கு ஒரு வரி, கிரீமுக்கு ஒரு வரியா என்று நிதியமைச்சரிடமே கேட்ட கோவை ஊர்க்காரன், இதைக் கேட்காமல் இருக்க முடியுமா?

நான் கணபதியில் சின்னதாக பிளாஸ்டிக் மோல்டு (வார்ப்பு அச்சு) பட்டறை நடத்துகிறேன். ஏசி வென்ட், சுவிட்ச் மூடி மாதிரியான உதிரிகளுக்கு மோல்டு செய்கிறோம். நமக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இடப்பக்கம். அங்கும் விற்கிற கார் என்றால் டேஷ்போர்டு, பெடல், வைப்பர் எல்லாம் பக்கம் மாறும். ஹெட்லைட் வெளிச்சம் சாலையோரத்தில் சற்று மேலே எழும்ப வேண்டிய பக்கமும் மாறும். நடு வென்ட்டை இருபுறமும் ஒரே மாதிரியாக முதலிலேயே வரைந்துவிட்டால் ஒரு மோல்டு போதும். இல்லையென்றால் இரண்டு மோல்டு, இரண்டு ட்ரயல், இரட்டைச் செலவு. ட்ராயிங் வந்தபிறகு நாம் சொன்னால், “டிசைன் ஃப்ரீஸ் ஆயிருச்சுங்க, இனி மாத்த முடியாது” என்பார்கள்.

இதன் தலையில் நீளத்தையும் ஏற்றுகிறோம். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட் கார் இங்கே 3998 மி.மீ.; அங்கிருந்தே அமெரிக்காவுக்குப் போனது 4 மீட்டரைத் தாண்டியது. பம்பரின் வடிவம் மாறினால் அதற்குத் தனி மோல்டு வேண்டும். அதெல்லாம் என் பட்டறையில் நுழையவே நுழையாத சைஸ், விலையும் அப்படித்தான்.

ஐ10 போல மூன்றரை மீட்டர் காருக்கு இந்த விதியால் தொல்லையில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேலே போகும்போதுதான் சிக்கல். ஜப்பானும் 3.4 மீட்டர், 660 சிசி என்று வரம்பு வைத்துச் சலுகை கொடுத்தது. அந்த கெய் கார்கள் அருமையானவை, ஆனால் பெரும்பாலும் ஜப்பானுக்குள்ளேயே ஓடுகின்றன.

நீள அளவுகோலை எடுத்துவிட்டு, புகை அளவையும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையில் வாங்கும் நட்சத்திரங்களையும் வைத்து வரி போடட்டும். மோல்டு வெட்ட எஃகு வாங்குமுன் அதை அறிவித்தால் இன்னும் உபகாரம்.

இப்படிக்கு,
மோல்டு பட்டறைக்காரர்,
கணபதி, கோயம்புத்தூர் - 6.