கப்பிக்கு எவ்வளவு தீனி

சௌ. வித்யாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். செம்பூரில் மழை விட்டபாடில்லை.

கீழ் வீட்டு மாமிக்கு டெங்கு வந்து தேறிவிட்டாள். மாநகராட்சி ஆட்கள் வந்து சொசைட்டி கிணற்றில் கப்பி மீன் விட்டார்கள். கொசுப்புழுவைப் பொறுக்கித் தின்னுமாம். "என் பெண் காலேஜ் நாளிலேயே இதை வளர்த்தவள்" என்று செக்ரட்டரியிடம் சொன்னேன். ஆசையாக வளர்த்துவிட்டுத் தொட்டியை என் தலையில் கட்டிப் போனவள் என்பதைச் சொல்லவில்லை.

உங்கம்மா தொட்டிப் பக்கம் போனாலே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பாவம் என்று ஒரு சிட்டிகை போட்டுவிடுவாள். பசியே இல்லை, பழக்கம். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு போதும். கப்பிக்கு வாய் மேல்பார்த்து இருக்கிறது, மிதப்பதைத்தான் முதலில் பிடிக்கும். மிச்சம் அடியில் தங்கி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஒருநாள் போடாவிட்டால் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும், ஒன்றும் ஆகாது.

மீனுக்குத்தான் ஒன்றும் ஆகாது. நீ ஒருவேளைகூட விடாதே. வீடியோவில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிகிறது. கேட்டால் லைட் சரியில்லை என்கிறாய்.

போன வாரம் குட்டி போட்டது. பெற்றதே திரும்பி விழுங்குகிறது! செடிக்குள் ஒளிந்தவை மட்டும் தப்பின. அவற்றைத் தனிப் பாட்டிலில் விட்டு, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துளியூண்டு கரைத்து ஊற்றுகிறேன். குட்டிகளுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு நாலு வேளை. இந்த வித்தியாசத்தை உங்கம்மாவிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நீயே ஃபோனில் சொல்லு. எங்கே, "அப்புறம் பேசறேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய்.

மாப்பிள்ளை குரல் கேட்டு நாளாயிற்று. அம்மா பிறந்தநாளுக்குக்கூட நீ ஒருத்திதான் பேசினாய். ஆபீஸ் வேலையாக இருக்கும். அம்மா கேட்கச் சொன்னாள், எழுதினேன். பெரியத்தை விஷயம் உனக்குத் தெரியாததா? அப்போது நம் வீட்டில் ஒருத்தரும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. சிங்கப்பூரில் நல்ல மோர் கிடைக்கும்தானே, மோராவது குடி. தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் நீ மட்டும் வா. திரும்பிப் போகிற டிக்கெட்டை இப்போதே போட்டாக வேண்டும் என்று இல்லை.

அப்பா