நான் ஓட்டாத பயணத்துக்கு நான் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் ஒரு செவிலியர். பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இதுவரை ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. நிதானமாக ஓட்டுபவர்களுக்கு பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு என்று காப்பீட்டு நிறுவனத்தில் சொன்னதை நம்பி, ஓட்டும் விதத்தைப் பதிவு செய்து மதிப்பெண் போடும் அவர்களுடைய செயலியைப் போன வருடம் போனில் போட்டுக்கொண்டேன். புதுப்பிக்கும் நேரம் வந்தபோது பிரீமியம் கூடியிருந்தது. கேட்டேன். "உங்கள் ஸ்கோர் நூற்றுக்கு 58. ராத்திரியில் அதிகம் ஓட்டுகிறீர்கள், சடன் பிரேக்கும் அதிகம்" என்றார்கள்.

ராத்திரியில் நான் காரைத் தொடுவதே இல்லை.

போனில் எத்தனை முறை சொன்னாலும் "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது" என்ற பதில்தான் வந்தது. கடைசியில் மின்னஞ்சல் அனுப்பினேன். ஸ்கோர் வேண்டாம், ஒவ்வொரு பயணத்தின் தேதி, கிளம்பிய நேரம், தூரம், பிரேக், வேகம், போன் உபயோகம் என்று பதிவானது அத்தனையும் வேண்டும் என்று கேட்டேன். 19 நாள் கழித்து வந்தது. முதல் பக்கத்திலேயே ஒரு வரி: இரவு 10:40, 14 கிலோமீட்டர், சடன் பிரேக் 6, ஓட்டியவர் நான்.

அது எங்கள் மருத்துவமனை வேன். மாலை ஷிப்ட் முடிந்தவர்களை வீடு வீடாக இறக்கிவிடும். நான் பின் சீட்டில் இருந்தேன். போன் மடியில் இருந்த பைக்குள் இருந்தது. டூட்டி சார்ட்டை எடுத்துவைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். மூன்று மாதத்தில் 112 பயணங்கள். அதில் 47 வேனில் போனவை.

போனுக்குத் தெரிவது வேகமும் இடமும் அசைவும்தான். ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறது என்பதைச் செயலி ஊகித்துக்கொள்கிறது. 'ஓட்டுநர்' என்பதை 'பயணி' என்று மாற்றும் வசதி அந்தச் செயலியிலேயே இருந்திருக்கிறது, பயண விவரத்துக்குள் போய் இன்னும் இரண்டு இடம் தட்டினால் வருகிறது. சேரும்போது அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

டூட்டி சார்ட்டை இணைத்து 47 வரிகளையும் குறித்து அனுப்பினேன். திருத்தினார்கள். ஸ்கோர் 83 ஆனது, கூடுதலாக வாங்கிய பணமும் திரும்பி வந்தது. ஒன்று மட்டும் தீரவில்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த என் மகள் பாட்டு மாற்றப் போனை எடுத்ததெல்லாம் 'ஓட்டும்போது போன் உபயோகம்' என்று பதிவாகியிருக்கிறது. அதற்கு என்னிடம் என்ன சான்று இருக்கும்?

செயலி போடாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், இப்போது காரே பதிவு செய்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் தங்கள் கார்களில், ஓட்டுபவர் இருக்கும் இடத்தைச் சில சமயம் 3 விநாடிக்கு ஒரு முறைகூட எடுத்து, ஓட்டும் விதத்தோடு சேர்த்து முறையான சம்மதம் வாங்காமல் விற்றார்கள் என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. அந்தத் தகவல் இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்கள் வரை போயிருக்கிறது. அதனால் "என்ன வைத்திருக்கிறீர்கள்" என்பதோடு "யாரிடம் வாங்கினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்" என்றும் கேட்க வேண்டும். இங்கே திருத்தியபின் அங்கே பழைய பிழை அப்படியே கிடந்தால் அடுத்த நிறுவனம் அதைத்தான் பார்க்கும்.

நம்மைப் பற்றிய தகவலைக் கேட்டு வாங்கவும் திருத்தவும் 2018 முதல் ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள சட்டம் உரிமை தருகிறது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் 2023 சட்டத்திலும் இந்த உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் என்னைப் போல எழுதிக் கேட்பவர்களுக்கு மட்டும் அது கிடைத்தால் போதாது. புதுப்பிக்கும் நோட்டீஸோடு பயணப் பட்டியலையும் ஒரு மாதம் முன்பே நிறுவனங்கள் தாங்களாகவே அனுப்ப வேண்டும்.

அதுவரை ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். நான் ஞாயிறுதோறும் செயலியைத் திறந்து வேன் பயணங்களைப் 'பயணி' என்று மாற்றிவிடுகிறேன். ஐந்து நிமிட வேலைதான்.

– ஒரு செவிலியர்